பலகைக்கு அடியில் முதலாளி அரிசி

எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அம்மா முதலில் அடுப்பிலிருக்கும் சட்டியைத்தான் மூடுவாள். அப்புறம்தான் யார் என்று கேட்பாள். சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், இருந்தபோது, பஞ்சம் வந்த வருடங்களில் படிந்த பழக்கம் அது. பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், என்ன வேகிறது என்பதை மூக்கை வைத்தே கண்டுபிடித்து, சும்மா பேச வந்ததுபோல வந்து உட்கார்ந்துகொள்வார்கள். வந்தவருக்குக் கொடுக்காமல் சாப்பிட முடியாது. கொடுத்தால் நமக்கு இருக்காது. அதனால் சட்டியை மூடிவிட்டு, "இன்னும் அடுப்பே பத்த வைக்கலங்க" என்று சொல்வது ஒரு பொய்யாகவே யாருக்கும் படவில்லை.

அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. காரணமில்லாமல் ஒருவர் சிரித்துப் பேசினால், இவருக்கு என்ன வேண்டும் என்றுதான் இன்றும் முதலில் யோசிக்கிறேன். கல்யாணமாகிக் கொடைக்கானல் டவுனில் குடும்பம் நடத்திய எண்பதுகளில் ஒருநாள் ரேடியோவில் பாட்டெல்லாம் நின்று சோக இசை மட்டும் வந்தது. தில்லியில் ஏதோ பெரிய விபரீதம் என்று தெருவே கூடி நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். பாதி இறங்கிய ஷட்டருக்குள் குனிந்து போய் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்தேன். "நாடே அழுதுக்கிட்டு இருக்கு, ஒனக்கு அரிசிதான் முக்கியமா?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அழுகிறவர்களும் சாயங்காலம் சாப்பிடத்தான் போகிறார்கள் என்றேன். கடைகள் மூடிக் கிடந்த நாட்களில் அந்த அரிசியை அவரும்தான் சாப்பிட்டார்.

நான் இப்படி ஆனதற்கு அவசரநிலைக் காலத்தில் வந்த ஒரு மழைக்காலம்தான் காரணம். அப்போது எனக்குப் பத்துப் பதினொரு வயது. தங்கச்சி கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டி ஓடித் திரியும் வயதில் இருந்தாள்.

ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கிய பிறகு முகாமில் கொஞ்ச காலம் இருந்தோம். சமவெளியில் குடியமர்த்துகிறோம் என்று ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். மலைக்குளிரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த வெயில் தோலை உரித்தது. பழனி மலையில் தோட்ட வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, ஆடலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே காபி மூட்டை ஒன்றைக் காணோம் என்று ஒருநாள் கூச்சல் எழுந்தது. புதிதாக வந்தவர்கள் நாங்கள்தானே. அன்றைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மூட்டை பிறகு அவர்கள் ஸ்டோரிலேயே கிடைத்ததாம். எங்களுக்கு வீடு திரும்பக் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் கொடைக்கானலுக்கும் அப்பால், நாளுக்கு ஒரே ஒரு பஸ் போகிற அந்த மேல்மலை ஊருக்குப் போனோம். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஊர். அப்பாவும் அம்மாவும் சொந்த நிலம் வைத்திருந்த ஒரு சம்சாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். விளைநிலத்தை அங்கே காடு என்பார்கள். தோட்டத்துப் பழக்கத்தில் நாங்கள் அவரை முதலாளி என்றும் அவர் மனைவியை முதலாளியம்மா என்றும் கூப்பிட்டோம். கிழங்கு போட்டு வைக்கும் தகரக் கொட்டகை ஒன்றை, காட்டின் ஓரத்தில், எங்களுக்குக் குடியிருக்க விட்டார்கள். மண் தரை, ஒரு அடுப்பு, மேலே ஒரு பரண். அம்மா உள்ளே நுழைந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்கேருந்தும் போகச் சொன்னா நான் நடக்க மாட்டேன், கெடந்து சாவேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஊர்க்காரர்களுக்கு எங்கள்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அரசாங்கம் கூட்டிவந்த ஆட்கள், அரசாங்க முத்திரை போட்ட காகிதம் வைத்திருக்கிறவர்கள், அப்படியானால் அரசாங்கத்துக்கு வேவு பார்க்கிறவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. டீக்கடையில் அப்பா போய் உட்கார்ந்தால் பேச்சு உடனே மழைக்கும் மாட்டுக்கும் மாறிவிடும். "எமர்ஜென்சி வந்தப்புறம் பஸ்ஸு நேரத்துக்கு வருதுல்ல, நல்லதுதானப்பா" என்று யாராவது அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வார்கள். அப்பாவும் ஆமாமா என்று தலையாட்டுவார். அந்த பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை.

ஜீப் சத்தம் கேட்டாலே ஊர் கலைந்துவிடும். ஒரு தடவை தாண்டிக்குடிப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒருவர் பூண்டுச் செடியில் விழும் நோய்க்கு மருந்து சொல்ல ஜீப்பில் வந்தார். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பண்ணப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று ஆம்பளைகள் எல்லோரும் சோலைக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். முதலாளியும்தான் ஓடினார். வந்தவர் பொம்பளைகளிடமும் ரெண்டு எருமைகளிடமும் மருந்தடிக்கும் முறையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அப்பா மட்டும் ஓடவில்லை. அதையும் ஊர் குறித்துக்கொண்டது: அவனுக்கு ஏன் பயமில்லை?

ஆபரேஷனைவிடப் பெரிய பயம் பதுக்கல் சோதனை. அந்த ஊரில் நெல் விளையாது. ஐப்பசி மழை பிடித்தால் எங்கேயாவது மண் சரிந்து பாதை அடைபடும், வாரக்கணக்கில் பஸ் வராது. அதனால் மழைக்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் பூண்டையும் கிழங்கையும் மட்டக்குதிரையில் ஏற்றி ஒற்றையடிப் பாதையில் அடிவாரத்துப் பாலசமுத்திரத்துக்கு இறங்கி, அரிசியாக மாற்றிக்கொண்டு ஏறுவார்கள். காலங்காலமாக அப்படித்தான். வந்த மூட்டைகள் அடுப்புக்கு நேர் மேலே பரணில் ஏறிவிடும். விதைப்பூண்டுக் கட்டுகளும் அங்கேதான் தொங்கும். மழைக்காலம் முழுக்க அடுப்புப் புகை அவற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஊர்ச் சோற்றில் எப்போதும் கொஞ்சம் புகை வாசனையும் பூண்டு வாசனையும் இருக்கும். ஆனால் திடீரென்று அதற்குப் பதுக்கல் என்று பெயராகிவிட்டது. அளவுக்கு மேல் அரிசி வைத்திருந்தால் மிசா சட்டத்தில் தூக்கி ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. எது அளவு என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் பயம் இன்னும் கூடியது.

அந்த வருடம் மழைக்குக் கொஞ்சம் முன்பு, ஒருநாள் வெள்ளனே, மேகம் தரையில் கிடந்த நேரத்தில், முதலாளி குதிரையோடு எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். குதிரைமேல் நாலு மூட்டை.

"ஏப்பா, இது இங்க கெடக்கட்டும். ஜீப்புக்காரன் வந்தா எங்க வீட்டுப் பரண்லதான் மொதல்ல கைய விடுவான். ஒங்க வீட்டுல எவன் வந்து பாக்கப் போறான்?" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மூட்டைகளைப் பார்த்தாள்.

"எங்கன வைக்கிறதுங்கய்யா?" என்று அப்பா கேட்டார்.

"கீழயே போடு. மேல ஏத்துனா கதவத் தெறந்தவொடன கண்ணுல படும். தையலப் பிரிக்காத, எலி வந்துரும். வெரசா எறக்கு, ஆளு வரதுக்குள்ள."

அவர் போன பிறகு அம்மா வாசலை அடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு எல்லாம் அந்த நிமிடமே விளங்கிவிட்டது. "இது அவரு வீட்டுல இருந்தா அவரு அரிசி. நம்ம வீட்டுல புடிச்சா நம்ம அரிசி. ஜெயிலுக்கு நீங்க போகணும். ஒரு பிடி கொறஞ்சாலோ, திருடுனது நாம. ரெண்டு பக்கமும் நம்ம கழுத்துதான்" என்றாள். கொட்டகை முதலாளியுடையது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் அப்பா காட்டிலிருந்து பலகைகள் கொண்டுவந்து மூட்டைகளின் மேல் போட்டு, அதையே எங்களுக்குப் படுக்கையாக்கினார். நானும் தங்கச்சியும் அந்தப் பலகையின் மேல் கம்பளியைப் போட்டுப் படுத்துக்கொள்வோம். புரண்டு படுத்தால் கீழே அரிசி மெதுவாக நெரியும் சத்தம் கேட்கும். எனக்கு ஆரம்பத்தில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு அரிசி இருக்கிற வீட்டில் நாங்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

முதலாளியம்மா அடிக்கடி வரத் தொடங்கினாள். அதற்கு முன்பு எங்கள் பக்கம் வராதவள். "புள்ளைக என்ன செய்யுது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து பலகையில் உட்காருவாள். உட்கார்ந்த இடத்தில் கையை ஊன்றிப் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்ப்பாள். அவள் போனதும் அம்மா, "பாத்தியா, அமுக்கிப் பாக்குறா" என்பாள். நானும் பார்த்தேன். பலகைக்கு அடியில் மூட்டை இருந்த இடத்தில்தான் அவள் கை இருந்தது. உட்கார்ந்தவள் கையை வேறு எங்கேதான் ஊன்றுவாள் என்று இப்போது தோன்றுகிறது.

கொஞ்ச நாளில் உண்மையாகவே சோதனைக்கு ஜீப் வந்தது. பலசரக்குக் கடைக்காரர் வீட்டுப் பரணிலிருந்து மூட்டைகளை இறக்கி ஜீப்பில் ஏற்றினார்கள்; மற்ற வீடுகளில் முன்பே ஒளித்துவிட்டிருந்தார்கள். சத்தம் கேட்டதும் அம்மாவுக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ, தங்கச்சியைப் பலகையில் படுக்கவைத்துக் கழுத்துவரை போர்த்தி, கதவில் இலையைக் கட்டினாள். அம்மை போட்ட வீடு என்று காட்ட வேப்பிலை வேண்டும். அந்தக் குளிரில் வேம்பு எங்கே முளைக்கும்? கொட்டகைக்குப் பின்னால் இருந்த வாட்டில் மரத்துப் பொடி இலையை ஒடித்துக் கட்டிவிட்டாள். கீழ்நாட்டிலிருந்து வந்த அந்த அதிகாரி வாசல்வரை வந்தார். இலையைப் பார்த்தார். "அம்மையா?" என்றார். "ஆமாங்கய்யா, அம்மை எறங்கி மூணு தண்ணி ஊத்தல இன்னும்" என்றாள் அம்மா. அவர் செருப்போடு நாலடி பின்னால் போய், அப்படியே திரும்பி நடந்தார். அது என்ன இலை என்று அவர் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் எங்கள் கதை வேறாகியிருக்கும்.

ஜீப் போன பிறகுதான் எங்களுக்குக் கெட்ட காலம் தொடங்கியது. கடைக்காரரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று ஊர் யோசித்தது. யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. எல்லா வீட்டிலும் புகுந்தவர்கள் சிலோன்காரன் கொட்டகைக்குள் மட்டும் ஏன் போகவில்லை? அவர்களே சொல்லிக்கொண்டார்கள்: ஆள் காட்டினவன் வீட்டில் எவன் சோதனை போடுவான்? கடைக்காரர் எங்களுக்குச் சாமான் கொடுப்பதை நிறுத்தினார். "சரக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னால் நின்றவருக்கு அளந்து கொடுத்தார். அப்பா ஒற்றன் இல்லை என்பது ஊரில் ஒரே ஒருவருக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் முதலாளி. அவர் வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதனால் அவர் திறக்கவில்லை.

மழை பிடித்தது. பாதை சரிந்தது. காட்டில் வேலை இல்லை. கையிலிருந்த அரிசி தீர்ந்ததும் கேப்பைக் கஞ்சி, அதுவும் தீர்ந்ததும் விற்க முடியாமல் ஒதுக்கிய பொடிக் கிழங்கு என்று ஓடியது. இந்த நேரத்தில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. இல்லாத அம்மையை இருக்கிறது என்று சொன்னதால் மாரியாத்தா கோபித்துக்கொண்டாள் என்று அம்மா நடுங்கிப்போனாள். அம்மை இல்லை, வெறும் காய்ச்சல்தான். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளை எழுந்திருக்கவில்லை. கிழங்கைக் கொடுத்தால் வாந்தி எடுத்தாள். கன்னம் ஒட்டி, முகத்தில் கண் மட்டும் தெரிந்தது. "சோறு" என்று கேட்டாள். வேறு எதையும் கேட்கவில்லை. அவளுக்குக் கீழே ஒரு பலகை, பலகைக்குக் கீழே நாலு மூட்டை அரிசி.

அம்மா ஒருநாள் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு பலகையைத் தூக்கினாள். தையலில் ஒரு இடத்தை நெம்பினாள். பிரி, பிரி என்று மனசுக்குள் கத்தினேன். அம்மா அந்தத் தையலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது சாதாரணத் தையல் இல்ல. முதலாளியம்மா குறுக்க ஒரு முடிச்சுப் போட்டு வச்சிருக்கா. பிரிச்சா இதே மாதிரி போட எனக்கு வராது" என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அப்போது அம்மா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு பிள்ளை சாகக் கிடக்கிறது, இவள் முடிச்சைப் பார்க்கிறாளே என்று இருந்தது.

பிறகு அவள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் முதலாளி வீட்டுக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். முதலாளியம்மா அடுப்படியில் இருந்தாள்.

"சின்னவளுக்குக் கஞ்சி வைக்க ஒரு கை அரிசி குடுங்கம்மா. வேலையில கழிச்சுக்கங்க."

முதலாளியம்மா நிமிர்ந்து அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏன், ஒங்க வீட்டுல அரிசி இல்லயாக்கும்?"

"இல்லீங்கம்மா" என்றாள் அம்மா. "எங்க வீட்டுல எங்க அரிசி ஒரு மணி இல்ல."

முதலாளியம்மா ஒரு டம்ளர் நிறைய அரிசி கொண்டுவந்து அம்மாவின் முந்தானையில் கொட்டினாள். வழியெல்லாம் அம்மா, "வாயப் புடுங்கிப் பாக்குறா, வாயப் புடுங்கிப் பாக்குறா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த அரிசியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி வைத்து ஊற்றித்தான் தங்கச்சியை எழுந்து உட்கார வைத்தாள். எனக்கு அதில் ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை. கேட்கவும் இல்லை.

மழை விட்டது. பாதை திறந்தது. முதலாளி மூட்டைகளை எடுக்க வரவில்லை. தேர்தல் வருகிறது என்றார்கள். "அது முடியட்டும்" என்றார். தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது, அவசரநிலையும் போய்விட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். டீக்கடையில் எல்லோரும் வாய்விட்டுத் திட்டத் தொடங்கினார்கள். ஆமாமா, நல்லதுதான் என்று சொன்னவர்களே அதிகமாகத் திட்டினார்கள். முதலாளிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "பதுக்குனவன வெளிய இழுக்கத்தான் இப்பிடிச் சொல்லுதான். கொஞ்ச நாளு பாப்போம்" என்றார். அந்த விஷயத்தில் அவரும் என் அம்மாவும் ஒரே ஜாதி.

கடைசியில் கோடை வெயில் நன்றாக அடிக்கிற ஒருநாள் குதிரையோடு வந்தார். முதலாளியம்மாவும் வந்தாள். பலகையை எடுத்து முதல் மூட்டையைத் தூக்கினார்கள். அது நெகிழவில்லை, கல்லாட்டம் வந்தது. அடிப்பக்கம் கறுத்துத் தரையோடு ஒட்டிக் கிழிந்தது. உள்ளேயிருந்து பச்சையும் கறுப்புமாகக் கட்டி கட்டியாக விழுந்தது. வீச்சம் தாங்கமுடியவில்லை; அதுவரை வந்த வாடையை மண் தரையின் ஈர வாடை என்றே நினைத்திருந்தோம். நாலு மூட்டையும் அப்படித்தான். சிலோன் தோட்டத்தில் வாராவாரம் அளந்து போட்ட அரிசியை அந்த வாரமே தின்று முடித்தவர்கள் நாங்கள். மாதக்கணக்கில் ஒரு மூட்டையை எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? புகையில்லாமல் வைத்தால் மேல்மலையில் அரிசி கெடும் என்பது முதலாளிக்குத் தெரியும். ஒரு மாதத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்துக் கீழே போடச் சொன்னவர், பயத்தில் அந்த மாதத்தை இழுத்துக்கொண்டே போய்விட்டார்.

"இப்பிடி நாசம் பண்ணி வச்சிருக்கீகளே. ஒரு நாளாச்சும் தொட்டுப் பாத்தீகளா?" என்று கத்தினார். சத்தத்துக்கு அக்கம்பக்கத்துக் காட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது, சிலோன்காரன் எதைக் காத்துக்கொண்டிருந்தான் என்று. முதலாளி அதை எருக்குழியில் கொட்டச் சொன்னார்.

அம்மா குறுக்கே நின்றாள். அதற்கு முன்பு அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"அளந்துட்டுக் கொட்டுங்க."

"எத அளக்க? அழுகுனதயா?"

"ஆமாங்க, அழுகுனதத்தான். நாலு மூட்டையும் அளங்க. ஒரு பிடி கொறஞ்சாலும் நான் இப்பவே எம்புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எறங்கிர்றேன். கொறையலன்னா, இத்தன பேரும் பாத்துக்கிட்டுப் போங்க."

யாரோ படி கொண்டுவந்தார்கள். முதலாளிக்கு வேறு வழியில்லை. கட்டிகளை உடைத்து உடைத்து அளந்தார். பூசணம் புகையாகக் கிளம்பியது. கடைக்காரரும் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதியிலேயே முதலாளி, "போதும், சரியாத்தான் இருக்கு" என்றார். அம்மா விடவில்லை. கடைசிப் படிவரை அளக்க வைத்தாள். ஒரு பிடிகூடக் குறையவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு முதலாளியம்மா அம்மாவிடம் வந்தாள். "ஏத்தா, பிள்ள அப்பிடிக் கெடந்துச்சே, ஒரு மூட்டையப் பிரிச்சுத் தின்னுருக்கலாம்ல? வீட்டுல வச்சிருக்கவ திங்காமலா இருப்பான்னுதான நான் நெனச்சேன். கேக்கவா போறேன்?" என்றாள்.

"கேக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாங்களேம்மா" என்றாள் அம்மா.

"அத எப்பிடி வாய்விட்டுச் சொல்ல? நீயா எடுத்துக்கிருவன்னு இருந்தேன்."

அவள் சொன்னது உண்மைதானா, அல்லது அரிசி கெட்ட பிறகு வந்த தாராளமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கெட்ட அரிசியை யார் வேண்டுமானாலும் தானம் பண்ணலாம். எங்களை யாரும் போகச் சொல்லவில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கத் தொடங்கினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, சரக்கு வந்துவிட்டது என்றார்.

அடுத்த வருடம் மழைக்கு முன் குதிரைகள் பாலசமுத்திரம் போய் அரிசியோடு ஏறின. மூட்டைகள் பட்டப்பகலில் அவரவர் பரணுக்குப் போயின. ஒருநாள் மத்தியானம் முதலாளியம்மா ஒரு சின்ன மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தானே எங்கள் கொட்டகைக்கு வந்தாள்.

அம்மா அதைத் தொடவில்லை. "இது யாருக்குங்கம்மா?"

"ஒங்களுக்குத்தான். மழைக்கு வச்சுத் தின்னுங்க. பரண்ல ஏத்திரு."

"அப்ப நீங்களே பிரிச்சு வைங்க."

முதலாளியம்மாவுக்குக் கோபம் வந்தது. முகம் சிவந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் குனிந்து, தையல் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மூட்டையின் வாயை விரித்து வைத்தாள். அம்மா அதிலிருந்து அள்ளி உலையில் போட்டாள். "சோறு வேகுற வரைக்கும் இருங்கம்மா" என்றாள். அவள் இருந்தாள். சோறு வடித்ததும் அம்மா ஒரு தட்டில் போட்டு, பருப்பை ஊற்றி, அவள் முன்னால் வைத்தாள்.

"நீங்க மொதல்ல சாப்புடுங்க."

முதலாளி வீட்டார் ஜாதி பார்த்து எங்கள் வீட்டில் அதுவரை தண்ணீர்கூடக் குடித்ததில்லை. முதலாளியம்மா வாசலைப் பார்த்தாள். வெளியே யாரும் இல்லை. தட்டைப் பார்த்தாள். தங்கச்சி வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். போடவில்லை.

முதலாளியம்மா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்தாள். அதன் பிறகுதான் அம்மா தங்கச்சியின் தட்டில் சோறு போட்டாள்.